துறைமுகக் கிழவியின் முகம்

என் முகம் எனக்குச் சொந்தமில்லை என்று கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி சொல்லி ஐந்து மாதமாகிறது. அதற்குப் பிறகும் காலையில் அதே முகத்தைத்தான் கழுவுகிறேன், அதே நெற்றியில்தான் திருநீறு பூசுகிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியட்டும். எனக்கு அவசரமில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் மகள் படம் கீறுகிறவள். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அவள் கீறுவது பத்திரிகைக்கோ பள்ளிக்கூடப் புத்தகத்துக்கோ அல்ல. வெளிநாட்டில் அச்சடிக்கிற ஒரு விளையாட்டுக்கு. விளையாட்டு என்றால் பந்து அடிப்பதும் இல்லை, கம்ப்யூட்டரில் சுடுவதும் இல்லை. ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேசம் எடுத்து அந்தக் கதைக்குள் போய், நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன் என்று சொல்லுவார்கள். கதவு திறக்குமா, ஓடினவர் தப்புவாரா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அந்தத் தாயக்கட்டைக்கு இருபது பக்கம். நாலு பக்கத் தாயக்கட்டையே எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேரைப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கியது என்று எனக்குத் தெரியும். இருபது என்றால் யோசித்துப் பாருங்கள்.

மகளும் சிநேகிதர்களும் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஹோலில் விளையாடுவார்கள். முதல் நாள், ஹெவ்லொக் டவுனிலிருந்து வருகிற ஒரு ரீச்சர், பார்த்தால் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கமாட்டாள், "நான் இவனைக் கொல்லப்போறன்!" என்று கத்தினாள். நான் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தேன்.

"அன்ரி, பயப்பிடாதேங்கோ. இவன் ஏற்கெனவே செத்தவன்," என்றாள் ரீச்சர்.

"செத்தவனை ஏன் பிள்ளை திரும்பக் கொல்லுறாய்?"

"அவன் கேக்கிறான் இல்லை அன்ரி. நாலாம் தரமா எழும்பி வாறான்."

அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை. வடை சுட்டு வைத்துவிட்டு நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து கேட்பேன்.

அந்தத் தொழில் உலகத்துச் செய்தியெல்லாம் எனக்கு அத்துப்படி. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவாள். பெரிய கொம்பனி ஒன்று நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்னொரு கொம்பனி, இவ்வளவு காலமும் எல்லாருக்கும் பொதுவாக விட்டிருந்த விதிகளை இனி எங்களைக் கேட்டுத்தான் பாவிக்கவேண்டும் என்று சொல்லி, உலகம் முழுக்க விளையாடுகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒருவர் புத்தகம் தருகிறேன் என்று முன்காசு வாங்கிவிட்டு ஆளே இல்லை. எங்கள் நாட்டில் எந்த மந்திரி எந்தக் கட்சியில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அங்கே யார் யாரை ஏமாற்றினான் என்று கேளுங்கள், சொல்லுவேன்.

மகள் வேலை செய்த கொம்பனி மிகச் சின்னது. மூன்றே மூன்று பேர். அதை நடத்தின பெண் போனில் வீடியோவில் கதைக்கும்போது எனக்குக் கை காட்டுவாள். நானும் காட்டுவேன். அவர்கள் ஒரு துறைமுகப் பட்டணத்தைப் பற்றிய விளையாட்டுச் செய்தார்கள். அந்தப் பட்டணத்தின் ஆட்களையெல்லாம் கீறினது என் மகள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் கட்டின பிறகும் அங்கேதான். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தேன். கூடையோடு வாசலில் நின்றால், எவன் வேலைக்கு வந்திருக்கிறான், எவன் பொய் சொல்லி லீவு போட்டவன், எவனுக்கு வீட்டில் சண்டை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மகள் சின்னப் பிள்ளையாக என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் அதைக் கொண்டுபோய் விளையாட்டுக்குள் வைத்துவிட்டாள். துறைமுக வாசலில் கூடையோடு ஒரு கிழவி. அவளிடம் உண்மையைச் சொல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. முகம் அச்சொட்டாக என்னுடையது. மூக்கில் இருக்கிற மருகூட.

"கிழவி எண்டோ போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அது நீங்கள் இல்லையம்மா. உங்கட முகம் மட்டுந்தான்."

"முகத்தை விட்டா வேற என்னத்திலயடி கிழவி தெரியும்?"

ஆனால் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் என்று அவளுக்குத் தெரியும்.

உயிரோடு இருக்கிற ஆளின் முகத்தைப் போடுவதற்கு அந்த ஆளின் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். அந்தப் பெண் நாலு பக்கக் கடிதம் ஒன்று அனுப்பியிருந்தாள். இங்கேதான் என் பிழை இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். மனுசன் இருந்த காலத்தில் அதுவும் மறந்துபோயிருந்தது. என் மனுசன் இறந்தபின் அவருடைய ஓய்வூதியக் காசுக்காக ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த கிளாக்கர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, பெருவிரலை மைப்பெட்டியில் அமத்தி, கடதாசியில் உருட்டிவிட்டு, அடுத்த ஆள் என்றான். ஆட்டுக் காலைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். வீட்டுக்கு வந்து கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு மாதம் என் பெயரை எழுதி எழுதிப் பழகினேன். அதற்குப் பிறகு வங்கியிலும் தபால் கந்தோரிலும் என் கையெழுத்தைப் போடும்போது, பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஆறுதலாக, மெதுவாகப் போடுவேன்.

மகள் அந்த நாலு பக்கத்தோடு வந்து இருந்த நேரம், கீழ்மாடியில் இருக்கிற அக்கா வந்திருந்தார். படித்தவர். கந்தோரில் பெரிய வேலை பார்த்து இளைப்பாறினவர். யாருக்குக் கடிதம் வந்தாலும் தானே வாங்கி எல்லாருக்கும் கேட்க வாசிக்கிறவர்.

"அம்மா, இது இங்கிலீசில இருக்கு. நான் தமிழில சொல்லுறன், கேளுங்கோ," என்று மகள் தொடங்கினாள்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டத் தேவையில்லை. எங்க போடவேணும் எண்டு சொல்லு," என்றேன்.

"மூண்டாம் பக்கத்தில ரெண்டு பெட்டி இருக்கம்மா. ஒண்டிலதான்..."

"எனக்கு விளங்குது."

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. பல்கனிப் பக்கம் எழும்பிப் போனாள். நான் பேனையை எடுத்தேன். இரண்டு பெட்டி. இரண்டின் கீழும் கோடு. முதலாவதில் போட்டேன். வடிவாக வந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதிலும் போட்டேன். அது இன்னும் வடிவாக வந்தது. மகள் திரும்பி வந்து, கடைசிப் பக்கத்தில் சாட்சியாகத் தன் கையெழுத்தை வைத்து, அவசரத்தில் போனில் நாலு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பிவிட்டாள். அவளும் பார்க்கவில்லை. அம்மா விளங்குது என்று சொன்னால் விளங்கியிருக்கும் என்று நினைத்திருப்பாள்.

புத்தகம் வந்தது. அந்த உலகத்தில் அது நன்றாக ஓடியது. வெளிநாட்டுப் பெண்பிள்ளைகள் என்னைப்போலச் சேலை கட்டி, கூடை தூக்கி, மூக்கில் மையால் மரு வைத்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்கள். என் கைப்பையில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்து கோயிலில் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரீச்சர் கிழவியின் முன் பொய் சொல்லி அகப்பட்டுக்கொள்ளும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவாள்.

பிறகு ஒருநாள் காலை, தேங்காய்ப்பூ திருவிக்கொண்டிருந்தேன். மகள் போனைப் பார்த்தபடி குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, வித்துப்போட்டினம்."

அச்சுக்கூலியும் கப்பல் கூலியும் வரியும் ஏறி, அந்தச் சின்னக் கொம்பனியால் நிற்க முடியவில்லை. தங்களுக்கிருந்த எல்லாவற்றையும் ஒரு பெரிய கொம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கை காட்டுகிற அந்தப் பெண் வீடியோவில் அழுதாள். நானும் அவளுக்காக அழுதேன். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதிய கொம்பனி மகளுக்கு வேலை கொடுக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, அந்த விளையாட்டு புதுப் பதிப்பாகப் பெரிய பெட்டியில் வருகிறது என்று அறிவித்தார்கள். பெட்டியின் மூடியில் நான். என் முகந்தான், என் மருதான். ஆனால் வாயில் கோரைப்பல், விரலில் நகம், கூடைக்குள் பிள்ளைகளின் தலை. மகள் கீறினதல்ல. அவளுடைய பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுக் கலக்கி எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை.

அவளுக்குப் பல்லும் நகமும்கூடப் பெரிதாகப் படவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டினது கீழே இருந்த ஒரு சின்ன அட்டவணையை.

"எண் போட்டிருக்கிறாங்களம்மா."

அந்த விளையாட்டில் சண்டை பிடிக்கக்கூடிய ஆள் ஒவ்வொருவருக்கும் உயிருக்கு ஓர் எண் உண்டு. அடி விழ விழ எண் குறையும். குறைந்து முடிந்தால் செத்துப்போவார். முதல் புத்தகத்தில் கிழவிக்கு மட்டும் எண் போடக்கூடாது என்று மகள் நின்று பிடித்தாளாம். எண் இல்லாத ஆளை அடிக்க முடியாது. அவளோடு கதைக்கத்தான் முடியும். இப்போது எழுபது என்று போட்டிருந்தார்கள்.

"படம் அவையளின்ர தான். நான் கீறிக் குடுத்திட்டன், அதைக் கேக்கேலாது," என்றாள் மகள். "ஆனா முகம் உங்கட. அந்தப் பேப்பரில ரெண்டு பெட்டி இருந்தது. முதலாவது, இந்தப் புத்தகத்துக்கு மட்டும். ரெண்டாவது, எதுக்கும், எப்பவும். நாங்கள் முதலாவதிலதானே போட்டனாங்கள். அதை வைச்சு நிப்பாட்டலாம்."

அப்போதுதான் அந்த இரண்டு பெட்டிகளிலும் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டிலும் போட்டேன் என்று அந்த நிமிசமே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பெரிய கொம்பனிக்காரர் ஒருவேளை எல்லாவற்றையும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவள் அன்றைக்கே அந்தக் கொம்பனிக்குக் கடிதம் எழுதினாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் மேசையில் இருந்து பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மூன்றாம் பக்கத்தின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார்கள். மகள் லப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். பெரிய திரையில் என் பெயர் இரண்டு தரம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பட்டது அந்த இரண்டாவது எவ்வளவு வடிவு என்பதுதான். அதற்குப் பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"நான் போன் கதைக்கப் போயிருக்கக்கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

புதுக்கடையில் அந்தச் சட்டத்தரணியிடம் என்னைக் கூட்டிப்போகச் சொன்னது நான்தான். என்னைவிட இருபது வயது குறைந்தவர். எல்லாரும் சேர் என்கிறார்கள், நான் தம்பி என்றேன். அவர் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். விளையாட்டைப் பற்றி மகள் சொன்னதை அவர் விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் கடிதம் விளங்கிவிட்டது.

"அம்மா, இது உங்கட கையெழுத்தோ?"

"என்ர தான்."

"இங்கிலீசு வாசிப்பீங்களோ?"

பக்கத்து மேசையில் ஒரு பெண் ரைப் பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கேட்கட்டும், இனி என்ன என்று நினைத்து, "தமிழே எழுத்துக் கூட்டித்தான் தம்பி," என்றேன்.

"அப்ப ஒரு வழி இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒருத்தரும் இதை வாசிச்சு விளங்கப்படுத்தவும் இல்லை எண்டு ஒரு சத்தியக்கடதாசி முடிப்பம். அதை வைச்சு ஒரு கடிதம் போட்டுப் பாக்கலாம். ஆனா அதில கையெழுத்து வைக்காதேங்கோ. எழுத்துத் தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லிப்போடுவினம். கைநாட்டு வையுங்கோ."

மைப்பெட்டியைத் தள்ளினார். மகள் என்னைப் பார்த்தாள். அந்தக் கந்தோரில் நடந்ததை அவளுக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன்.

"வேண்டாமம்மா, நாங்கள் போவம்," என்றாள்.

"நீ சும்மா இரு," என்று சொல்லி நானே பெருவிரலை மையில் அமத்தினேன். இந்த முறை என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. விரலைத் தூக்கிப் பிடித்தபடி, "எங்க கடதாசி?" என்று கேட்டேன்.

அவர் அதற்குள் நாலாம் பக்கத்தைப் புரட்டியிருந்தார். புரட்டினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தச் சாட்சி ஆர்?"

"நான்," என்றாள் மகள்.

"கையெழுத்து வைக்கிறவருக்கு விளங்கிற பாசையில முழுதையும் வாசிச்சு விளங்கப்படுத்தினனான் எண்டு இதில கிடக்கு. அதுக்குக் கீழதான் நீங்கள் வைச்சிருக்கிறீங்கள். வாசிச்சுக் காட்டினீங்களோ பிள்ளை?"

"தொடங்கினனான்..."

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். "அம்மா சத்தியம் பண்ணினால் நீங்கள் பொய்ச் சாட்சி. நீங்கள் வைச்சது சரியெண்டால் அம்மாவின்ர சத்தியம் பொய். நான் எதை அனுப்புறது?"

"அவளில பிழையில்லை தம்பி. அவள் வாசிக்கத்தான் வந்தவள். நான்தான் வேண்டாம் எண்டனான். அதை அப்பிடியே எழுதுங்கோ."

"எழுதலாமம்மா. ஆனா அது அவையளின்ர பக்கத்துக்குத்தான் உதவும். வாசிக்க வந்தவளை நீங்களே மறிச்சிருக்கிறீங்கள். முகம் இனி அவையளின்ர தான்."

மகள் பொய்ச் சாட்சி என்று ஒரு கடிதம் அங்கே போனால், அந்தத் தொழிலில் இனி ஒருவரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சின்ன உலகம் அது. அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த உலகத்துச் செய்தியெல்லாம் தெரியுமே.

ஓட்டோவில் வரும்போது மை காயாமல் இருந்தது. சேலையில் படாமல் விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிங்களத்தில், "அம்மே, வோட்டுப் போட்டிட்டு வாறீங்களோ?" என்று பகிடி விட்டார். மகள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறுமுன் வெளியே வீதிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதுப் பெட்டி வந்தபோது அந்த உலகத்தில் இரண்டு நாள் சத்தம் போட்டார்கள். கம்ப்யூட்டர் படம் வேண்டாம், முதல் கீறினவள் எங்கே என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் வேறொரு கொம்பனியின் வேறொரு பிரச்சினை வந்தது. எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

போன கிழமை ஒரு மத்தியானம் மகள் போனில் எதையோ சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மறைக்கப் போனாள்.

"காட்டு," என்றேன்.

வெளிநாட்டில் ஒரு வீடு. ஒரு வெள்ளைக்காரப் பெடியனும் சிநேகிதர்கள் மூன்று பேரும். பெட்டியைத் திறந்து, பட்டணத்தை மேசையில் விரித்து, துறைமுக வாசலில் என்னைக் கொண்டுவந்து வைத்தான். பிளாஸ்டிக்கில் விரல் அளவு. நல்ல பிள்ளைகள் போலத்தான் இருந்தார்கள். அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்.

"என்ன சொல்லுறான்?"

"கிழவி எழும்பி வாறா எண்டு சொல்லுறான்."

"நான் அவையளை ஒண்டும் கேக்கேல்லையோ?"

மகள் போனை என் பக்கம் சரித்தாள். "இதில உங்களுக்குக் கதை இல்லையம்மா. சண்டை மட்டுந்தான்."

ஒருவன் நாலைந்து தாயக்கட்டைகளைச் சேர்த்து உருட்டினான். பெடியன் ஒரு தாளில் ஏதோ எழுதினான்.

"நாப்பத்தொண்டு மிச்சம்," என்றாள் மகள்.

இரண்டாவது பெண் உருட்டினாள். கை தட்டினார்கள்.

"பதினெட்டு. நிப்பாட்டட்டோ அம்மா?"

"வேண்டாம்."

மூன்றாவது ஆள் உருட்டினான். எல்லாரும் கத்தினார்கள். பெடியன் விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டினான். நான் மல்லாக்க விழுந்தேன்.

படம் அதோடு முடியவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டிக் கப்பலடிக்குப் போய்விட்டார்கள். அங்கே யாரோ வேறு ஆட்கள் இருந்தார்கள், அவர்களோடு சண்டை தொடங்கியது. என்னை எடுத்து வைக்க ஒருவருக்கும் நினைவில்லை. படம் முடியும் வரைக்கும் மேசையின் ஒரு மூலையில் நான் கிடந்தபடியே தெரிந்தேன்.